பாபநாசம் தாண்டினால் டயர் வட்டமாகிவிடுமா?

தெருவழகு, காலை 7.40

போன வாரம் "வெளிநாடு போகும்போது காரை என்ன செய்வது" என்று ஒருவர் கேட்டதற்கு மதிலழகு அண்ணன் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். "நின்ற வண்டிக்கு டயர் தட்டை விழுவதெல்லாம் டயர் கடைக்காரன் கட்டிய கதை. கும்பகோணத்தில் வண்டியை எடு, பாபநாசம் தாண்டுவதற்குள் எல்லாம் வட்டமாகிவிடும்." அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. நானும் நம்பினேன்.

எனக்குத் தோஹாவில் வேலை. வைகாசியில் போனவன் மாசியில் திரும்பினேன். ஒன்பது மாசம் கார் திருவிடைமருதூர் வீட்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், ஒரே இடத்தில் நின்றது. அப்பா துணி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்தாரே தவிர ஒரு அடி நகர்த்தவில்லை. பேட்டரி செத்திருந்தது, அது தெரிந்ததுதான். காற்று 32 பாயிண்ட் (psi) வைத்துவிட்டுப் போனேன். வந்து அளந்தால் முன்னால் 18, 17. பின்னால் 19, 15.

காற்று நிரப்பிக்கொண்டு தஞ்சாவூர் கிளம்பினேன். தாராசுரம் வரை யாரோ காலுக்குக் கீழே உலக்கை போடுகிற மாதிரி தட், தட், தட். வேகம் ஏற ஏற எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தடதடவென்று சீட்டையே உலுக்கியது. பாபநாசம் வந்தது, போனது. அய்யம்பேட்டையும் போனது. பெரிய கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோதும் என் இடுப்பு ஆடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணே, எந்தப் பாபநாசம் என்று கொஞ்சம் சொன்னால் தேவலை.

மதிலழகு, காலை 8.05

நான்தான் எழுதினேன். இப்போதும் அதையேதான் எழுதுவேன். மன்னார்குடியில் 28 வருஷம் ரீபட்டன் கொட்டகை, அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற கொட்டகை, வைத்திருந்தவன் நான். என் கையில் உரிந்த டயரை அடுக்கினால் ராஜகோபால சுவாமி கோயில் கோபுரத்தை எட்டும். அம்பாசிடர் காலத்தில் நைலான் டயர் தினமும் காலையில் தடதடக்கும், டிரைவர் சட்டையே செய்ய மாட்டான். கொஞ்ச தூரம் ஓடினால் டயர் சூடாகித் தானாக வழிக்கு வந்துவிடும்.

தம்பிக்கு ஒரே கேள்வி. பாபநாசத்தில் நிறுத்தினாயா, இல்லையா?

தெருவழகு, காலை 8.20

டீ குடிக்க நிறுத்தினேன். 108 சிவாலயம் தாண்டி. பத்து நிமிஷம். அதற்கென்ன?

மதிலழகு, காலை 8.23

அதற்கென்னவா! அங்கேதான் கோட்டை விட்டாய். சூடேறிய டயரைப் பத்து நிமிஷம் நிறுத்தி ஆற வைத்திருக்கிறாய். தோசைக்கல் காய்ந்து வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு, மாவு சரியில்லை என்கிறாய். நான் தாண்டச் சொன்னேன், டீ குடிக்கச் சொல்லவில்லை.

தேரழகு, காலை 9.10

நான் மெக்கானிக்கல் படித்தவன். திருவாரூர். அண்ணன் சொல்வதில் பாதி சரி, மீதி கொட்டகைப் பெருமை.

கார் ரேடியல் டயரில் ஸ்டீல் பெல்ட்டுக்கு மேலே நைலான் நூலால் ஒரு போர்வை பல டயர்களில் உண்டு. நைலான் சுமார் 50 டிகிரியில் விறைப்பு குறைந்து இளகும், உருகாது. ஓடிச் சூடான வண்டியை நிறுத்தினால், தரையில் அமுங்கிய இடத்தில் நூல் அந்த அமுங்கிய வடிவத்திலேயே ஆறி இறுகிவிடும். மறுபடி ஓடிச் சூடானால் விட்டுக்கொடுக்கும். அம்பாசிடர் கதை இதுதான். ஆனால் மாசக்கணக்கில், காற்று பாதியாக இறங்கி, தகரத்துக்குக் கீழே கத்திரி வெயிலில் வெந்த டயருக்குள் நூல் மட்டும் இல்லை, ரப்பரும் அந்த வடிவத்துக்குப் பழகிவிடும். அது ஒரு ஓட்டத்தில் தீராது. சில டயருக்குக் கடைசிவரை தீராது.

சரி, பாபநாசத்துக்கு வருவோம். கும்பகோணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அந்த டவுன் நெரிசலில் டயர் முழுச் சூட்டுக்கு வர எப்படியும் அரைமணி நேரம் வேண்டும். ஆகவே பாபநாசத்துக்குள் சரியாக வாய்ப்பே இல்லை. அய்யம்பேட்டை என்று சொல்லியிருந்தால்கூடப் பேசலாம்.

மதிலழகு, காலை 9.14

பார்த்தீர்களா, அரைமணி நேரம் ஓடினால் சூடாகும் என்று அவரே ஒப்புக்கொண்டார். டீ குடித்தவனுக்கு அந்த அரைமணி எங்கே கிடைத்தது?

தம்பி, நைட்ரஜன் அடித்தால் டயர் ஏசி மாதிரி குளிர்ச்சியாக இருக்கும் என்று தீபாவளிக்கு முன்னால் ஒருத்தர் இங்கே எழுதினார். அந்தப் படித்தவர் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தேரழகு, காலை 9.31

ஏசி என்று நான் எழுதவே இல்லை. காற்று இறங்குவது கொஞ்சம் குறையும் என்றுதான் எழுதினேன். சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான், காசு கொடுத்து எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். நானும் அதற்குச் சரி என்றேன். பழைய கணக்கை இங்கே எடுக்காதீர்கள்.

மதிலழகு, காலை 9.33

சரி என்றீர்கள் அல்லவா, அது போதும்.

வெற்றிலைக்கொடி, காலை 10.02

ஒரு சந்தேகம். டயர் தட்டை, அதாவது ஃப்ளாட் ஸ்பாட் என்று எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்களா? மதிலழகு சார் சொல்வது இரவு நின்று காலையில் தெரிகிற தற்காலிகத் தட்டை. தெருவழகு சொல்வது மாசக்கணக்கில் நின்று விழுந்த தட்டை. பிரேக்கை மிதித்துச் சக்கரம் பூட்டி, பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர்) ஒரே இடத்தில் தேய்ந்து போவது மூன்றாவது வகை. அதில் ரப்பரே போய்விடும், எத்தனை ஊர் தாண்டினாலும் திரும்பி வராது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் என்ன?

அப்புறம், டயரின் பக்கத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3217 என்றால் 2017-இல் 32-ஆவது வாரம் செய்தது. அந்த எண் என்ன?

மதிலழகு, காலை 10.09

லாரித் தொழிலில் ஃப்ளாட் ஸ்பாட் என்றால் பிரேக் அடித்துத் தேய்ந்ததுதான். மற்றதுக்கெல்லாம் நாங்கள் பெயரே வைக்கவில்லை, ஏனென்றால் அது ஒரு வியாதியே இல்லை. தங்கச்சி நன்றாகக் கேட்டது. ஆனால் பாபநாசத்தில் டீ குடித்த விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

தாமிரபரணி, காலை 10.40

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். பாபநாசம் என்றால் அணை, அகத்தியர் அருவி இருக்கிற எங்கள் பாபநாசம் என்று நினைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். அந்த மலை ஏறினால் எந்த டயரும் சூடாகும்!

நாலுவேலி, காலை 10.44

இது காவிரிப் பாபநாசம். உங்கள் அணையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் போதும்.

தாமிரபரணி, காலை 10.46

எங்கள் ஆற்றுக்குத் திறப்பு விழா தேதி எல்லாம் தேவையில்லை, ஐயா.

நாலுவேலி, காலை 10.58

வம்புக்கு இழுக்கிறார், விடுங்கள். நான் டிராக்டர்க்காரன். சம்பா அறுத்துத் தை கடைசியில் நிறுத்தினால் குறுவைக்குச் சேடை ஓட்டத்தான் மறுபடி எடுப்பேன். நாலு மாசத்துக்கு மேல். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் வேறு நிரப்பியிருப்பேன், எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ரோட்டில் போனால் நொண்டிக் குதிரை மாதிரி போகும். வயலில் இறங்கிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சேற்றில் எல்லா டயரும் வட்டம்தான்.

விளக்கழகு, காலை 11.30

வேதாரண்யத்திலிருந்து. 2018 நவம்பர் 16, கஜா. கொட்டகை மேல் தென்னை, தென்னை மேல் இன்னொரு தென்னை. மரத்தை வெட்டிக் காரை வெளியே எடுக்க இரண்டு மாசம் ஆனது. கூரை போச்சு, கண்ணாடி போச்சு. டயர் நாலும் தேங்காய் மாதிரி உருண்டையாக இருந்தன. எனவே தட்டை என்பது கதைதான் என்று நானும் சொல்கிறேன்.

தேரழகு, காலை 11.36

கூரை நசுங்கிய காரை நீங்கள் எண்பதில் ஓட்டிப் பார்த்தீர்களா? கண்ணுக்குத் தெரிகிற தட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஸ்டியரிங் சொல்லிவிடும்.

விளக்கழகு, காலை 11.38

புயல் பட்டவனிடம் இப்படியா பேசுவது?

மதிலழகு, காலை 11.41

அதானே. ஆழித்தேர் வருஷம் முழுக்க நிலையில்தான் நிற்கிறது. பங்குனியில் வடம் பிடித்தால் தட்டையாகி நிற்கிறதா, ஓடுகிறதா? தேரழகு என்று பெயர் வைத்தவருக்கு இது தெரிய வேண்டாமா?

தேரழகு, காலை 11.45

அது இரும்புச் சக்கரம், அண்ணே!!! இரும்பு!!!

மதிலழகு, காலை 11.46

கோபப்படாதீர்கள் தம்பி. ரத்த அழுத்தம் 32-க்கு மேல் போனால் ஆபத்து.

வெற்றிலைக்கொடி, பகல் 12.15

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த நாலு எண்?

இன்னொன்று, டயர் மாசத்துக்கு ஒன்று, இரண்டு பாயிண்ட் தானாக இறங்கும். ஒன்பது மாசத்துக்கு 32 வைத்தது 17, 18, 19-க்கு வந்தது கணக்குக்கு ஒத்துவருகிறது. அந்த 15-உம் கணக்குக்குள்தான், ஆனால் மற்ற மூன்றையும் விடக் குறைவு. வால்வு கசிவாக இருக்கலாம், ஆணியாகவும் இருக்கலாம். உங்கள் நடுக்கம் ஸ்டியரிங்கில் வந்ததா, சீட்டில் வந்ததா? சீட் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் பின் சக்கரமாக இருக்கும். எந்தக் கடையிலாவது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்களா?

தெருவழகு, பகல் 12.50

பார்க்கவில்லை அக்கா. தஞ்சாவூரில் ஒரு கடையில் கேட்டேன். பேலன்ஸிங் போட்டார்கள், ஆட்டம் நிற்கவில்லை. "நாலும் சதுரம், நாலையும் மாத்திடுங்க" என்றார்கள். விலையைக் கேட்டதும் வந்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மதிலழகு, பகல் 12.52

அங்கேயும் டீயா! ஆக மொத்தம் இரண்டு டீ.

தேரழகு, பகல் 1.05

தஞ்சாவூர் டீ கணக்கில் வராது. பாபநாசம் டீயும் கணக்கில் வராது. பத்து நிமிஷத்தில் டயர் முழுக்க ஆறாது. இதை எத்தனை தடவை சொல்வது?

மதிலழகு, பகல் 1.07

பத்து நிமிஷம்தானா என்று நீங்கள் கூட இருந்து பார்த்தீர்களா? டீக்கடைப் பத்து நிமிஷம் எப்போதும் இருபத்தைந்து. வடை தின்றிருந்தால் முப்பது.

தெருவழகு, பகல் 1.15

வடை தின்றேன். ஒன்றுதான்.

மதிலழகு, பகல் 1.16

முடிந்தது.

தேரழகு, பகல் 1.20

என்ன முடிந்தது? வடைக்கும் நைலானுக்கும் என்ன சம்பந்தம்? அப்படியே டயர் ஆறியிருந்தாலும் பாபநாசத்துக்கு அப்புறம் தஞ்சாவூர் வரை இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறாரே. அதில் சூடாகாதா?

மதிலழகு, பகல் 1.24

என் வாக்கு பாபநாசம் வரைதான். அதற்கு மேற்கே நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

நாலுவேலி, பகல் 2.10

நின்ற காரில் டயரா பெரிய பிரச்சினை? எலி! அறுப்பு முடிந்தால் வயல் எலி நேராக போனெட்டுக்குள் குடியேறிவிடும். என் மச்சான் காரில் ஒயரிங் மொத்தமும் போச்சு. புகையிலைத் தண்டு கட்டிப் போட்டால் வராது.

விளக்கழகு, பகல் 2.14

நாங்கள் புகையிலை விளைகிற ஊர். எங்கள் எலி புகையிலைக் கட்டு மேலேயே படுத்துத் தூங்குகிறது. சும்மா எழுதாதீர்கள்.

நாலுவேலி, பகல் 2.16

உங்கள் ஊர் எலிக்குப் பழகிவிட்டது. எங்கள் ஊர் எலிக்கு இன்னும் அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

வெற்றிலைக்கொடி, பகல் 3.00

அடுத்த தடவைக்காவது சொல்கிறேன். நிறுத்தும் முன் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், டயரில் அச்சிட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாமல். திரும்பி வந்ததும் பழையபடி குறைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை எடுத்துச் சூடாகும் வரை ஓட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கால் சுற்று நகர்த்தவாவது சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கட்டை வைத்து, கியரில் நிறுத்துங்கள். மாசக்கணக்கில் போட்டால் உள்ளே பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளும், அதனாலும் சக்கரம் இழுக்கும், தடதடக்கும். அதையும் பார்த்தீர்களா?

தேரழகு, பகல் 3.12

எல்லாம் சரிதான். ஆனால் பாபநாசத்துக்குள் சரியாகும் என்பது தவறு என்று முதலில் அவர் ஒப்புக்கொள்ளட்டும்.

மதிலழகு, பகல் 3.13

டீ குடிக்காமல் போயிருந்தால் சரியாகியிருக்கும் என்று முதலில் அவர் ஒப்புக்கொள்ளட்டும்.

வெற்றிலைக்கொடி, பகல் 3.15

இரண்டு பேரும் பாபநாசத்திலேயே குடித்தனம் வையுங்கள். நான் போகிறேன்.

தெருவழகு, மாலை 6.30

கொட்டகையில் குனிந்து, டார்ச் அடித்து, துணியால் துடைத்துப் பார்த்தேன். அக்கா கேட்ட எண் மூன்று டயரில் 1219. அந்த 15 காட்டிய பின் டயரில் 4114. அதன் பட்டன் பள்ளத்தில் தலைமுடி மாதிரி வெடிப்பு. ஸ்டெப்னியை எடுத்து யாரோ எப்போதோ மாட்டியிருக்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் "மாட்டினாலும் மாட்டியிருப்பேன்" என்கிறார்.

தேரழகு, மாலை 6.41

2014 டயர்! மாசக்கணக்கு, காற்றுக் குறைவு, வயசு, மூன்றும் சேர்ந்திருக்கிறது. நான் காலையிலேயே சொன்னேன்.

மதிலழகு, மாலை 6.43

எங்கே சொன்னீர்கள்? வயசு என்ற வார்த்தையே உங்கள் பதிவில் இல்லை, இப்போதுதான் மேலே போய்ப் படித்துவிட்டு வந்தேன். அப்பா மாட்டிய கிழட்டு ஸ்டெப்னிக்கு என் வாக்கு எப்படிப் பொறுப்பாகும்? மற்ற மூன்று டயரும் பாபநாசத்தில் சரியாகிவிட்டன என்று இதிலிருந்தே தெரிகிறதே.

தேரழகு, மாலை 6.44

எப்படித் தெரிகிறது???

மதிலழகு, மாலை 6.50

தம்பி தெருவழகு, அவரை விடு. நீ நிறுத்தின டீக்கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம்? வெயிலில் நிறுத்தினாயா, புளியமரத்து நிழலிலா? அந்தப் பின் சக்கரம் இருந்தது எந்தப் பக்கம்?