நாடாளுமன்றத்தில் தொலைபேசியை எடுக்கும் பெண்

*குழு: ஆலமரத்து வீட்டார்*

மதுரை அத்தை: கயல், நீ நேற்று அனுப்பிய படத்தில் கோட்டு அணிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு உன் பக்கத்தில் நிற்கும் பெண் யார்? முகத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண் போலவே இருக்கிறாள்.

கயல் (வாஷிங்டன்): இந்தக் கோடைக்கு என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண், அத்தை. டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மெக்காலன் அவளுடைய ஊர். கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் ஒருவரது அலுவலகத்தில் கோடைக்கால இன்டர்னாக, அதாவது பயிற்சி ஊழியராகச் சேர்ந்திருக்கிறாள். அப்பா, சாத்துக்குடி போன்ற பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை செய்கிறார்.

செந்தில்: அக்கா, இன்டர்ன் என்றால் காபி வாங்கிக் கொடுப்பதும் நகல் எடுப்பதும்தானே?

கயல் (வாஷிங்டன்): அதுவும் உண்டு, தம்பி. ஆனால் பொழுதில் பெரும்பகுதி தொலைபேசியிலேயே போகிறது. தொகுதி மக்கள் அழைத்து, இந்த மசோதாவை ஆதரியுங்கள், அதை எதிர்த்து வாக்களியுங்கள் என்று சொல்வதையெல்லாம் கணினியில் பதிய வேண்டும். திட்டுகிறவர்களின் கருத்தையும் திட்டை நீக்கிவிட்டுப் பதிய வேண்டும். தொகுதியிலிருந்து வரும் குடும்பங்களுக்கு நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதும், குழு விசாரணைகளில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பதும் இன்டர்ன்களின் வேலைதான்.

பெரியப்பா: தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் மனுக்களோடு வாழ்ந்தவன் என்பதால் கேட்கிறேன். அங்கே குறைதீர்க்கும் மனு என்ற ஏற்பாடு உண்டா, அம்மா? மக்கள் சட்டம் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்?

கயல் (வாஷிங்டன்): உண்டு, பெரியப்பா, அதைத்தான் சொல்ல வந்தேன். நின்றுபோன ஓய்வூதியம், வராத பாஸ்போர்ட், குடியேற்றத் துறையில் தேங்கிய கோப்பு ஆகியவற்றுக்காக உறுப்பினரின் அலுவலகம் அந்தந்தத் துறைக்கு எழுதிக் கேட்கும். அந்த வேலையைத் தொகுதி அலுவலகங்களே பெரும்பாலும் கவனிக்கின்றன என்றாலும், பதற்றத்தில் இருப்பவர்கள் எந்த எண் கிடைக்கிறதோ அதற்குத்தான் அழைக்கிறார்கள். ஸ்பானிஷ் மட்டுமே பேசுகிறவர் என்றால், அழைப்பு நேராக இவளுடைய மேசைக்கு வந்துவிடுகிறது. ஏனென்றால் அந்த வாஷிங்டன் அலுவலகத்தில் ஸ்பானிஷைத் தடையின்றிப் பேசத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

மதுரை அத்தை: இருபது வயதுப் பெண்ணிடமா இதையெல்லாம் கொடுக்கிறார்கள்?

கயல் (வாஷிங்டன்): ஆமாம், அத்தை. சென்ற வாரம் ஒரு பெண்மணி அழைத்து, வேலைக்குக் கிளம்பிய கணவரைக் குடியேற்றத் துறையினர் வழியிலேயே பிடித்துச் சென்றுவிட்டதாகவும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றும் அழுதிருக்கிறார். சம்பந்தப்பட்டவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் துறைகள் தனிநபர் விவரத்தை உறுப்பினர் அலுவலகத்துக்குக் கொடுப்பதில்லை. 1974இல் வந்த தனியுரிமைச் சட்டத்தின் வழிவந்த நடைமுறை அது. காணாமல் போனவரிடமே கையொப்பம் வாங்கி வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இவள் வேறு வழியில் போனாள். கணவருடைய பழைய தாள்களில் குடியேற்றத் துறை கொடுக்கும், ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, அவர் அலமாரியைக் கலைத்துத் தேடி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள். அந்த எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால், எந்தத் தடுப்பு மையம் என்று துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கிடைத்துவிட்டது. மீதியைத் தொகுதி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள்.

செந்தில்: பின்னாளில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் மாணவியாக இருந்தபோது, மேலவையான செனட்டின் உறுப்பினர் டெட் கென்னடியின் அலுவலகத்தில் இதே நிலையில்தான் இருந்தாராம், அக்கா. ஸ்பானிஷ் தெரிந்தவர் அவர் மட்டுமே என்பதால், உறவினரைத் தேடி வரும் அழைப்புகளையெல்லாம் அவரே எடுக்க வேண்டியிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

கயல் (வாஷிங்டன்): ஆமாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் கீழ்ப்படியில் இருப்பவளிடம் எல்லாவற்றிலும் கனமான அழைப்பு போய்ச் சேர்கிறது. அதற்கென்று தனியாக ஊதியமோ பயிற்சியோ இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அவளோ, வேறு யார் எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள்.

பெரியப்பா: உதவித்தொகையாவது உண்டா? வாஷிங்டனில் வாடகை என்னவென்று நீ சொல்லி எனக்கு மயக்கமே வந்தது.

கயல் (வாஷிங்டன்): நெடுங்காலம் பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு காசும் கிடையாது, பெரியப்பா. ஆகவே மூன்று மாதம் மகளையோ மகனையோ தலைநகரில் வைத்துச் சோறு போட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே வந்தார்கள். அவர்களே பிறகு அங்கு நிரந்தர ஊழியர்களும் ஆனார்கள். சம்பளமின்றி இன்டர்னாக உழைத்த கார்லோஸ் மார்க் வேரா என்ற லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர், நண்பரோடு சேர்ந்து 2016இல் ‘பே அவர் இன்டர்ன்ஸ்’ (நம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுங்கள்) என்ற அமைப்பைத் தொடங்கி, கட்சி பேதமில்லாமல் கதவு கதவாகத் தட்டினார். 2018இல்தான் பிரதிநிதிகள் சபையின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இன்டர்ன் ஊதியத்துக்கென ஆண்டுக்கு 20,000 டாலர் ஒதுக்கினார்கள். பிறகு அதை உயர்த்தினார்கள். வெள்ளை மாளிகை 2022இல்தான் கொடுக்கத் தொடங்கியது. இவளுக்கோ, பயணச் செலவு, தங்குமிடம், உதவித்தொகை மூன்றையும் நாடாளுமன்றத்தின் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் மொழி வழி வந்த, உறுப்பினர்கள் குழுவின் கல்வி அமைப்பு ஏற்றுக்கொண்டது. அது 1978இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவரான கீகா டி லா கார்சா, இவளுடைய பகுதியிலிருந்தே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினராக இருந்தவர்.

மதுரை அத்தை: நம் சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸும் இப்படித்தான் தொடங்கினார் என்று எங்கோ படித்தேன்.

கயல் (வாஷிங்டன்): சரிதான், அத்தை. கல்லூரி மாணவியாக 1984இல் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனின் அலுவலகத்தில் கடிதங்களைப் பிரித்து வைக்கும் வேலை பார்த்தார். பிறகு 2016இல் கிரான்ஸ்டன் வகித்த அதே இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என் அறைத்தோழி கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது தவறாமல் சொல்வது டென்னிஸ் சாவேஸின் கதையை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு மளிகை வண்டி ஓட்டிய பையன், செனட்டில் எழுத்தராகச் சேர்ந்து, ஜார்ஜ்டவுனில் சட்டம் படித்து, நியூ மெக்சிகோவின் செனட்டராக 1935 முதல் 1962இல் இறக்கும்வரை இருந்தார். நாடாளுமன்றச் சிலைகளில் அவருடையதும் ஒன்று.

செந்தில்: ஊரை விட்டு வந்ததில் அவளுக்கு எது கடினமாக இருந்தது?

கயல் (வாஷிங்டன்): அவளுடைய மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அவளைப் போன்ற குடும்பத்தினர், அங்கே யாரும் அவளை லத்தினா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், என்று பிரித்துப் பார்த்ததில்லை. இங்கே வந்த முதல் வாரத்திலேயே, உங்கள் சமூகம் இதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுவிட்டார்கள். தன் அம்மாவும் சித்தியுமே ஒரே கட்சிக்கு வாக்களிப்பதில்லை, நான் யாருக்காகப் பதில் சொல்வது என்று என்னிடம் சிரித்தாள்.

மதுரை அத்தை: படிப்பை முடித்ததும் வாஷிங்டனுக்கே வந்துவிடுவாளா? தேர்தலில் நிற்பாளா?

கயல் (வாஷிங்டன்): இரண்டும் இல்லையாம், அத்தை. மெக்காலன் பக்கம் ஏதேனும் தொகுதி அலுவலகத்தில் மனுக்களைக் கவனிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். இங்கே குரலை மட்டும் கேட்டுவிட்டுக் கோப்பை அனுப்பிவிட வேண்டியிருக்கிறது, முடிவு என்னவாயிற்று என்றே தெரிவதில்லை என்பதுதான் அவளுடைய குறை. அந்த அம்மாவின் கணவர் நிலை என்ன என்பதும் அவளுக்கு இதுவரை தெரியவில்லை.

பெரியப்பா: நல்ல முடிவு. அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொல். இல்லையென்றால், உங்கள் கடிதம் வரவேயில்லை என்று துறையில் சொல்லிவிடுவார்கள்.

கயல் (வாஷிங்டன்): அங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்களாம், பெரியப்பா. ஒவ்வோர் அழைப்பையும் தேதி, நேரம், பேசியவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டாள்.