மாலத்தீவில் தனித்தீவு ரிசார்ட்: பெரியவர்களை அழைத்துப் போனவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அப்பா அம்மாவின் 40-வது திருமண நாள் வருகிற நவம்பரில். இருவரையும் மாலத்தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. தீவு முழுக்க ஒரே ரிசார்ட், அதுவும் முப்பது நாற்பது வில்லாக்களுக்கு மேல் இல்லாத அமைதியான இடமாகப் பார்க்கிறேன். பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தின் மேல்தான் அப்பாவுக்குக் கண். அங்குள்ள ஹனிபரு விரிகுடாவுக்கு நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் வரும் என்று படித்ததிலிருந்து அதே பேச்சு.

என் கவலையெல்லாம் அம்மாவின் முழங்கால்தான். அங்கே கூட்டிப்போகும் கடல் விமானத்தில் (தண்ணீரில் இறங்கும் சிறு விமானம்) ஏற எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? அது பகலில் மட்டுமே பறக்கும் என்பதால், சாயங்காலம் தலைநகர் மாலேயில் இறங்கினால் ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டியிருக்கும். பேசாமல் வடக்கு மாலே அட்டோலுக்கு வேகப்படகில் போய்விடலாமா? அலையில் படகு தூக்கிப்போட்டால் முதுகு தாங்குமா என்றும் பயமாக இருக்கிறது.

அப்புறம், அம்மா சுத்த சைவம். சாம்பார்தான் வேண்டும் என்றில்லை, மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும்.

விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணமும் 17% வரியும் சேரும் என்று தெரியும். வேறு என்னென்ன சேரும்? பெரியவர்களோடு போய்வந்தவர்கள் தீவின் பெயரோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.