ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு: வாதம், நடுக்கம், மறதி, வலிப்பு உள்ளவங்களைப் பார்க்கிறவங்க ஊர்ப் பேரில பேசுற இடம்

களுதாவளை:
பாரிசவாதம் வந்த மாமிக்கு (68) நாளைக்குத் துண்டு வெட்டுறாங்களாம். வலக்கை, வலக்கால் வழங்கல்ல. மூக்குக் குழாய் கழட்டியாச்சு, சாப்பாடு வாயாலதான். வீட்டுல முதல்ல என்னத்தைக் கவனிக்கணும்?

செங்கலடி:
துண்டோட மருந்துச் சிட்டை வரும், சாப்பாட்டுச் சிட்டை வராது. அங்கதான் முதல் பிழைக்கும். வெளிக்கிட முன்னமே வாட்டுல கேளுங்க தங்கச்சி: தண்ணியும் பிளேன்ரீயும் அப்படியே குடிக்கலாமா, தடிப்பாக்கித்தான் குடுக்கணுமா? பேச்சுச் சிகிச்சையாளர் இருந்தா, விழுங்குறதை ஒருக்காப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

நம்ம சாப்பாட்டுல ஆகக் கள்ளன் பிட்டு. வாய்க்குள்ள போனதும் உதிர்ந்து பரவும். அரைவாசி வழங்காத நாக்கால அதைத் திரட்ட ஏலாது. அடுத்தது கஞ்சி. வருத்தக்காரருக்குக் கஞ்சிதானே என்று எல்லா வீட்டுலயும் குடுக்கிறாங்க. தண்ணி முந்தி ஓடும், சோறு பிந்தி வரும், பலவீனமான தொண்டை ரெண்டையும் ஒண்டாச் சமாளிக்காது. அரைச்சு ஒரே பதமாக்கினாப் பரவாயில்ல. லேசா இறங்குறது கட்டித்தயிர், பருப்பு விட்டுக் குழைச்ச சோறு, தடிச்ச சொதியில ஊறவைச்சு மசிச்ச இடியப்பம், அவிச்சு மசிச்ச பூசணி. கரண்டியைச் சரிச்சா வடியாம ஒரே கட்டியா விழணும், அதுதான் பதம்.

படுக்கையில சாய்ச்சு வைச்சு ஊட்டாதீங்க. நேரா இருத்தி, பாதம் ரெண்டும் தரையில பட, நாடி கொஞ்சம் கீழ பார்க்க, தேக்கரண்டியால. தொண்டை முடிச்சு மேல ஏறி இறங்கின பிறகுதான் அடுத்த கரண்டி. முடிய வலக் கொடுப்புக்குள்ள விரலில துணி சுத்திப் பாருங்க, மிச்சம் அங்க ஒளிஞ்சிருக்கும். அரை மணித்தியாலம் படுக்க விடாதீங்க. பிரக்கடிச்சு இருமினாத்தான் ஆபத்து என்று நினைக்கிறது பெரிய பிழை. சிலருக்கு இருமலே வராம நுரையீரலுக்குப் போகும். சாப்பிட்ட பிறகு குரல் தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி மாறினா, ரெண்டு மூணு நாளில காய்ச்சல் வந்தா, அதுதான். ரெண்டு நேரமும் பல் விளக்கிவிடுங்க. வாய் அழுக்குத்தான் நெஞ்சுச் சளியாகுது.

அக்கரைப்பற்று:
செங்கலடி ராத்தா சாப்பாட்டைச் சொல்லிட்டாங்க, நான் தோள்மூட்டைச் சொல்றேன். வழங்காத கையைப் பிடிச்சு இழுத்தாலும், கக்கத்துக்குள்ள கை குடுத்துத் தூக்கினாலும் தோள் கழரலாம். ஒருக்கா நோவு புடிச்சா அந்தக் கைக்குப் பயிற்சி குடுக்கவே விடமாட்டாங்க. இருக்கும்போது கைக்குக் கீழ தலகணி. சட்டை போடும்போது வழங்காத கை முதல். கழட்டும்போது நல்ல கை முதல்.

கட்டிலில இருந்து கதிரைக்கு: கதிரையை மாமிட நல்ல பக்கத்துல, அதாவது இடப்பக்கம், கட்டிலோட ஒட்டிச் சரிச்சு வைங்க. சாரத்தை நாலா மடிச்சு இடுப்பில இறுக்கிக் கட்டினா அதுதான் பிடி. கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, காலைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேர வாற மாதிரிக் குனியச் சொல்லுங்க. வலப்பக்க முழங்காலை உங்கட முழங்காலால முட்டுக் குடுத்து, ஒண்டு ரெண்டு மூணு. உங்கட முதுகு நிமிந்திருக்கட்டும், முழங்கால் மடியட்டும்.

பிளாஸ்ரிக் கதிரையை அந்த அறையை விட்டே எடுங்க. சிமெந்துத் தரையில கால் விரிஞ்சு சறுக்கும். கைபிடி வைச்ச பலகைக் கதிரையைச் சுவரோட சாத்தி வைங்க.

காத்தான்குடி:
படுக்கைப் புண்: ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பணும். முழுசாப் பக்கவாட்டுல போட்டா இடுப்பெலும்பு குத்தும், முதுகுக்குத் தலகணி குடுத்து அரைச் சரிவு போதும். குதிக்கால் மெத்தையில படாம, கெண்டைக்குக் கீழ தலகணி. சிவந்த இடத்தை விரலால அமத்தி எடுங்க. வெள்ளையாகாம சிவப்பாவே இருந்தா புண் தொடங்கியாச்சு. அதுல தேய்க்கக் கூடாது. வளையத் தலகணியும் வேணாம், சுத்திவர ரத்தத்தைத் தடுக்கும். கச்சான் (வெக்கைக் காத்து) அடிக்கிற மாசத்துல றப்பர் சீற்றுக்கு மேல வெறும் முதுகோட படுக்கவைச்சா, வேர்வையிலயே தோல் ஊறிப் பிய்ஞ்சிரும். பழைய நூல் சேலையை மடிச்சு மேல விரிங்க, சுருக்கு இருக்கக் கூடாது.

சாய்ந்தமருது:
வாப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்கின்சன்). சின்டோபா 110, நாளைக்கு மூணு தரம். சில நாள் குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்துல எழும்பி நடக்கிறார், சில நாள் பின்னேரம் மட்டும் கட்டைதான். குளிசை பிழையா?

கல்முனை:
குளிசையில பிழை தேட முதல் சாப்பாட்டுப் பீங்கானைப் பாருங்க நாநா. அந்த மருந்துல உள்ள லெவோடோபாவும், மீன், முட்டை, தயிர், பருப்புல உள்ள புரதமும் குடலுல ஒரே வாசலாலதான் உள்ள போகணும். மீன்கறியோட சேர்த்துப் போட்டா மருந்து வாசலுக்கு வெளிய நிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல், இல்லாட்டி சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுப் போடுங்க. ஓங்காளிச்சா வெறும் பிஸ்கட் ஒண்டு ரெண்டு குடுங்க, பால் வேணாம். மலச்சிக்கல் இருந்தாலும் மருந்து பிந்தித்தான் ஏறும். ஒரு கிழமைக்குக் குளிசை நேரம், சாப்பாடு, நடந்த நேரம், கட்டையான நேரம் நாலையும் கொப்பியில எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோங்க. டொக்டருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

இன்னொண்டு. சத்திக்கு மெட்டோகுளோபிரமைட்டோ, தலைச்சுத்துக்கு ஸ்டெமெட்டிலோ எழுதினா, 'இவருக்கு நடுக்குவாதம்' என்று வாய் திறந்து சொல்லுங்க. ரெண்டும் அந்த வருத்தத்தைக் கூட்டும். சின்டோபாவைத் திடீரென்று நிப்பாட்டவும் கூடாது, உடம்பு விறைச்சுக் கடும் காய்ச்சலில முடியலாம். கால் தரையில ஒட்டி நிண்டா இழுக்காதீங்க, விழுந்துருவார். நிப்பாட்டி, காலுக்குக் கால் பாரத்தை மாத்தவைச்சு, எண்ணிக்கொண்டு அடி வைக்கச் சொல்லுங்க. அடிக்கடி நிக்கிற இடத்துல ஒரு அடி இடைவெளியில குறுக்கால கலர் ரேப் ஒட்டினா, அதைத் தாண்டி நடப்பாங்க.

ஆரையம்பதி:
மறதி நோய் உள்ள வீட்டுல முதல் வேலை கிணறு. கட்டு உயரமா இல்லாட்டி கம்பி வலை மூடி, பூட்டோட. படலைக்கு அவங்க வழமையாத் தேடாத உயரத்துல கொளுக்கி. பேரும் போன் நம்பரும் எழுதின துணியைச் சட்டைக்கு உள்பக்கம் தைச்சுவிடுங்க, கடதாசி என்றா எறிஞ்சிருவாங்க. பொழுதுபட முன்னமே லைற்றைப் போடுங்க, நிழல் பார்த்துத்தான் பாதிப் பயம். 'வீட்ட போகணும்' என்று சொல்ற ஆளிட்ட 'இதுதான் உங்கட வீடு' என்று வாதாடினாச் சண்டைதான் வரும். 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்' என்றா அடங்கும். ஒரே நாளில குழப்பம் திடீரென்று கூடினா அது மறதி முத்தினதில்ல. சலத்துல கிருமி, மலச்சிக்கல், தண்ணி காணாமை, புதுக் குளிசை, இதைத்தான் முதல்ல தேடணும்.

திருக்கோவில்:
வலிப்புக்குச் சுருக்கமா: மணியைப் பாருங்க, பக்கவாட்டில திருப்புங்க, தலைக்குக் கீழ மெதுவான ஏதாவது. கையில திறப்பு, இரும்பு ஒண்டும் வேணாம். வாயில கரண்டியும் வேணாம், பல்லுத்தான் உடையும். 5 நிமிசம் தாண்டினா, இல்லாட்டி தெளியாம அடுத்தது வந்தா 1990 அம்புலன்சுக்கு அடிங்க. கடல், வாவி, கிணத்தடியில தனியக் குளிக்க விடக் கூடாது. நோன்புக்குக் குளிசை நேரத்தை நீங்களா மாத்தாதீங்க, மாசம் பிறக்க முதலே கிளினிக்கில கேளுங்க.

செங்கலடி:
விட்டுப்போச்சு. வாதம் திரும்ப வரலாம். வாய் கோணினா, கை சரிஞ்சா, பேச்சுக் குழறினா, கடைசியா நல்லா இருந்த நேரத்தை எழுதிக்கொண்டு 1990க்கு அடிங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு 4½ மணித்தியாலம்தான், அது கண்ட நேரத்திலிருந்து இல்ல, நல்லா இருந்த நேரத்திலிருந்து. வாயில ஒண்டும் குடுக்காதீங்க, அஸ்பிரின் உட்பட. ஸ்கான் பார்க்கும்வரை அது கட்டியா கசிவா என்று தெரியாது.

வாழைச்சேனை:
மாரிக்கு முதல் ஒரு பொலித்தீன் பை: கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி, ரெண்டு கிழமைக் குளிசை. வெள்ளம் முற்றத்துக்கு வர முதலே படுக்கையாளை மாத்துங்க. முழங்காலளவு தண்ணிக்குள்ள கதிரையோட தூக்க நாலு பேர் வேணும். காற்று மெத்தை கரண்டில ஓடுறது, கரண்ட் போனாக் கொஞ்சங் கொஞ்சமாச் சப்பளியும், அதுக்குப் பிறகு திருப்புறது கையாலதான்.

களுதாவளை:
எல்லாருக்கும் நன்றி. ராவைக்குத் திருப்புறதுக்கு நான் ஒரு ஆள்தான்.

அக்கரைப்பற்று:
அப்படி மூணு கிழமைக்கு மேல ஓடாது தங்கச்சி. கிழமையில ரெண்டு ராவாவது இன்னொரு ஆள். 'உதவி செய்யுங்க' என்று பொதுவாக் கேட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. 'செவ்வாயும் வெள்ளியும் பத்து மணியிலிருந்து விடிய மட்டும்' என்று மச்சாளிட்டப் பேர் சொல்லிக் கேளுங்க. வாறவங்களுக்கு முதல் ராத் திருப்பிக் காட்டுங்க. மனசு விட்டுப்போனா 1926க்கு (மனநல உதவி நம்பர்) அடிச்சுக் கதைக்கலாம். கிராம சேவகரிட்டக் கடிதம் எடுத்துப் பிரதேச செயலகத்துல சமூகசேவை உத்தியோகத்தரையும் பாருங்க, சக்கர நாற்காலிக்கும் மாதாந்தக் கொடுப்பனவுக்கும் பதியிறது அங்கதான்.