கொங்கு நாவல்கள்: வாசிப்பு வட்டத்துக்கு எதை முதலில் எடுக்கலாமுங்க?

காலிங்கராயன் கரை:
வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில், மாசம் ஒரு நாவல் என்று வாசிப்பு வட்டம் தொடங்குகிறோம். மொத்தம் 12 பேர். ஆசிரியர்கள், விசைத்தறிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்து இருக்கிறார்கள். பெரும்பாலும் வார இதழ்த் தொடர்கதை படித்த பழக்கம்தான். நம்மூர் நாவல்களில் ஐந்து மாசத்துக்கு எதை எடுக்கலாம், எந்த வரிசையில்? அப்படியே படித்ததை எழுத வைக்கவும் ஒரு வழி சொல்லுங்க.

பனங்காடு:
முதலில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது, தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று பலரும் சொல்வது அதைத்தான். ஆனால் முதலில் எடுக்கச் சொல்வது அந்தப் பெருமைக்காக இல்லைங்க. சின்ன நாவல், சிக்கல் ஒன்றே ஒன்று: புருசனை இழந்தவள் பூமியில் பங்கு கேட்கிறாள். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் நடுவில் விட்டுவிட மாட்டார்கள்.

இரண்டாவதாக உடனே பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000). பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவர்களின் கதை. முதல் நாவலில் பங்கு கேட்கிறவளுக்குக் கேட்பதற்காவது ஒரு பூமி இருக்கிறது. இதில் வரும் சிறுவன் கூளையனுக்கு அதுவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து படித்தால்தான் இந்த மண்ணின் கணக்கு முழுசாகத் தெரியும். நடுவில் வேறு நாவலை நுழைத்தால் அந்தச் சூடு போய்விடும்.

மூன்றாவது 'ஏறுவெயில்' (1991), பெருமாள்முருகனின் முதல் நாவல். விவசாய பூமி குடியிருப்புக் காலனிக்குப் போன பின்னால் ஒரு குடும்பம் எப்படிக் கலைகிறது என்பது கதை. நான்காவது சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை', சாயப்பட்டறைக் கழிவால் கெட்ட திருப்பூரின் கதை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011இல். நாவல் அதற்குப் பல வருசம் முன்பே வந்துவிட்டது. இந்தத் தகவலைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்க. தெரியாமல் படித்தால் பழைய செய்தியைக் கதையாக்கியது போலத் தோன்றும்.

ஐந்தாவது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இதைத் தயவுசெய்து முதலில் எடுக்காதீங்க. ஒரு சாவில் தொடங்கி நினைவுகளில் முன்னும் பின்னும் போகிறது, உறவுக்காரர்கள் நிறைய. படிக்கும்போதே ஒரு தாளில் யார் யாருக்கு என்ன முறை என்று கோடு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்க. அந்தத் தாள் இல்லாதவர்கள் 'பெயர் குழப்பம்' என்று பாதியில் மூடி வைத்துவிடுவார்கள்.

ஏடு புரட்டி:
வரிசை சரிங்க. வட்டங்கள் படுத்துப்போவது புத்தகத் தேர்வால் அல்ல, பிரதி கிடைக்காமல்தான். 12 பேருக்கு நான்கு பிரதியாவது வேண்டும்: மூன்று பேருக்கு ஒன்று, ஆளுக்கு 9 நாள், 27 நாளில் சுற்று முடிந்துவிடும். ஒரே பிரதியை 12 பேரும் சுற்றினால் கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆளுக்குக் கதை மறந்திருக்கும்.

நூலகப் பிரதியும் கடைப் பிரதியும் வேறு வேறு பதிப்பாக இருந்தால் பக்க எண் ஒத்து வராது. குறிப்பு எழுதும்போது அத்தியாயத்தைக் குறிக்கச் சொல்லுங்க; பக்கத்தைச் சொன்னால் கூட்டத்தில் பாதி நேரம் தேடுவதிலேயே போகும். ஐந்து மாசத்துக்கான புத்தகங்களை ஆகஸ்ட் மாசம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் மொத்தமாக வாங்கிவிடலாம். வழக்கமான 10 சதவீதக் கழிவு அங்கே கிடைக்கும்.

பனங்காடு சொல்லாமல் விட்டது ஒன்று. முதல் கூட்டத்தில் உரையாடல் உள்ள ஒரு அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்க. நம் பேச்சை எழுத்தில் பார்த்தால் கண் தடுமாறும், காதில் விழுந்தால் சட்டென்று பிடிபடும். வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒரு பிரதி மேசைமேல் இருக்கட்டும்.

காலிங்கராயன் கரை:
ரொம்ப நன்றிங்க. ஒரு தயக்கம். 'கூளமாதாரி' பேசும்போது சாதிப் பேச்சு சண்டையாகிவிடாதுங்களா? வட்டத்தில் எல்லா வகையறாவும் இருக்கிறார்கள்.

நொய்யல் வாசகி:
சண்டை வரும் என்று அந்த நாவலைத் தள்ளிப் போடாதீங்க அண்ணா, இந்த ஐந்தில் தவிர்க்கவே கூடாதது அதுதான். 'இந்த நாவல் நம்மைப் பற்றி என்ன சொல்கிறது' என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கு ஆள் தன் சாதிக்காக வாதாடத் தொடங்குவார்கள். காட்சியைக் கேளுங்க: கூளையனுக்குச் சோறு எப்படிக் கிடைக்கிறது, யார் கையால், எந்த இடத்தில்? பண்ணையக்காரர் மகன் செல்வனோடு சேர்ந்து திரியும்போது எந்த இடத்தில் அந்தச் சிநேகம் நின்றுவிடுகிறது? பதில் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, அத்தியாயத்தைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று முதலிலேயே விதி வைத்துவிடுங்க.

எழுதுவதற்கும் அதே விதிதான். படித்து முடித்த இரண்டு நாளுக்குள், 200 சொல்லுக்கு மிகாமல். கதைச் சுருக்கம் மூன்று வரி, முடிவைச் சொல்லக்கூடாது. மீதி முழுக்க ஒரே ஒரு காட்சி: அது ஏன் மனதில் நிற்கிறது, அல்லது எங்கே சறுக்குகிறது. 'அருமையான நடை', 'மனதைத் தொட்டது' இரண்டுக்கும் தடை போடுங்க. பின்னட்டையைப் பார்த்து எழுதியது உடனே தெரிந்துவிடும், அதில் காட்சியே இருக்காது. பிடிக்கவில்லை என்று எழுதுகிறவர்களைக் கூட்டத்தில் முதலில் வாசிக்க விடுங்க. பாராட்டு முன்னால் வந்துவிட்டால் அவர்கள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.