கேப்மாரி: தொப்பியா, சாதியா?

திருவல்லிக்கேணிக்காரன்:
'கேப்மாரி என்று திட்டுவது ஒரு சமூகத்தையே இழிவுபடுத்துவது, இனி அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்' என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐம்பது வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். கேப் என்றால் தொப்பி. தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போலீசை ஏமாற்றுகிறவன் கேப்மாறி. இதில் சாதி எங்கே வந்தது?

செங்கை மண்:
எழுதியது நான்தான் ஐயா. ஒரு காலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டு, பிறகு அது நீக்கப்பட்டவர்களைச் சீர்மரபினர் என்பார்கள். தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. அதில் கேப்மாரியும் ஒன்று. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அதைத் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்க வேண்டும் என்ற சட்டம் அது. அந்தச் சட்டம் போய்விட்டது. பெயர் மட்டும் வசவாக ஊர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருவல்லிக்கேணிக்காரன்:
பட்டியலில் இருக்கட்டும் அம்மா. அந்தப் பெயரை எழுதியது யார்? போலீஸ். திருடனை ஊரார் ஏற்கெனவே கேப்மாறி என்று சொல்லியிருப்பார்கள், அதையே ஏட்டில் ஏற்றிவிட்டான். முதலில் வசவு, அப்புறம்தான் சாதிப் பெயர். மூலம் தொப்பிதான்.

பழம்புத்தகம்:
தொப்பியை மாற்றுகிறவன் என்றால் 'தொப்பிமாற்றி' என்றல்லவா வரவேண்டும்? மாறி எப்படி வந்தது? சட்டம் வந்த காலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் தலையில் முண்டாசு கட்டியிருப்பார்கள். தொப்பி எங்கே இருந்தது, அதுவும் மாற்றி மாற்றிப் போடுகிற அளவுக்கு? சென்னைப் பேச்சில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு ஓர் இங்கிலீஷ் கதை கட்டிவிடுகிறார்கள். இதுவும் அப்படி ஒன்று.

திருவல்லிக்கேணிக்காரன்:
முடிச்சுமாறி என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. மடியில் முடிந்துவைத்த காசை அடிக்கிறவன். அதை யாராவது 'முடிச்சுமாற்றி' என்று எழுதுகிறார்களா? அங்கே மாறி வரலாம், தொப்பிக்குப் பின்னால் மட்டும் வரக்கூடாதா? போன மாதம், காலைச் சாப்பாட்டை நாஷ்டா என்கிறோமே, அது சுத்தத் தமிழ் என்று மூன்று நாள் சாதித்தவர்தானே நீங்கள்? அது உருது என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் எனக்கு இலக்கணம் சொல்ல வேண்டாம்.

பழம்புத்தகம்:
நாஷ்டாவை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் கேட்டது தொப்பி. முடிச்சுமாறி காட்டுவது 'மாறி'யைத்தான். 'கேப்' இங்கிலீஷ் தொப்பி என்பதற்கு என்ன சான்று?

திருவல்லிக்கேணிக்காரன்:
கேப் என்றால் தொப்பி என்பதற்கே சான்று கேட்கிறார்!

வடசென்னைப் பையன்:
எனக்கு வேறொரு கோபம். வசவு என்றாலே எங்கள் பேச்சைத்தான் எல்லாரும் தோண்டுகிறீர்கள். கஸ்மாலம் கீதையில் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிற சொல். பேமானி உருது, ஈமான், அதாவது நேர்மை, இல்லாதவன் என்று பொருள். அதெல்லாம் எங்கள் வாயில் வந்தால் மட்டும் சேரிப் பேச்சு. மதுரைக்காரர் படத்தில் அரிவாளோடு பேசினால் வீரம், நாங்கள் பேசினால் ரவுடி.

வைகைக்காரன்:
தம்பி, மதுரை உனக்கு என்ன செய்தது? ரேகைச் சட்டத்தை எதிர்த்து உயிர் கொடுத்த மண் அது. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ராத்திரி பக்கத்து ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்த காலம். இங்கே தொப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 1979இல் எங்களைச் சீர்மரபினர் பழங்குடியிலிருந்து வெறும் சீர்மரபினர் சமூகம் என்று மாற்றினார்களே, அதைப் பற்றி யாராவது வாய் திறக்கிறீர்களா?

வடசென்னைப் பையன்:
அண்ணே, பெருங்காமநல்லூரை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது சினிமாவை.

செங்கை மண்:
சான்றிதழ்ப் பிரச்சினைக்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணே, நானும் வருகிறேன். இங்கே என் கேள்வி இந்தச் சொல் மட்டும்தான். நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எழுத்தர் என் சாதிச் சான்றிதழைச் சத்தமாகப் படித்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தொப்பியிலிருந்து வந்ததோ வேறு எதிலிருந்து வந்ததோ, அன்று அந்தச் சொல் என்மேல்தான் விழுந்தது.

திருவல்லிக்கேணிக்காரன்:
அது தப்புதான் அம்மா, அந்த எழுத்தரைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அதனால் தொப்பி இல்லை என்று ஆகிவிடாது. திட்டுகிறவன் மனதில் சாதி இல்லை. சில்லறை ஏமாற்றுகிற ஆட்டோக்காரரைச் சொல்கிறோம், அளவில் ஏய்க்கிற கடைக்காரரைச் சொல்கிறோம். 2019இல் இதே பெயரில் ஒரு படம் வந்தது, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். சாதிப் பெயர் என்றால் விட்டிருப்பார்களா?

செங்கை மண்:
எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் அந்தச் சுவரொட்டி இருந்தது ஐயா. என் தம்பி ஒரு மாதம் வேறு வழியாகச் சுற்றிப் போனான். நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். யார் கேட்பார்கள் என்ற தைரியம்தான் அது.

பழம்புத்தகம்:
'மனதில் சாதி இல்லை' என்பது செல்லாது. 'சண்டாளா' என்று திட்டுகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். அதுவும் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமே அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் குறவன் குறத்தி ஆட்டத்தை அரசு தடை செய்தது. அப்போதும் 'கலைதானே, யாரையும் சொல்லவில்லையே' என்றார்கள்.

திருவல்லிக்கேணிக்காரன்:
என் அம்மா தினமும் என்னைச் சண்டாளா என்றுதான் எழுப்புவாள். அவள் சாதி வெறியரா?

பழம்புத்தகம்:
உங்கள் அம்மாவை யார் சொன்னது?

திருவல்லிக்கேணிக்காரன்:
சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்கிறீர்கள். நாஷ்டாவிலும் இதே பழக்கம். சரி, தொப்பிக்கு வாருங்கள். தொப்பி இல்லை என்றால் வேறு எது? கேப் என்பதற்கு வேறு பொருள் ஒன்றை யாராவது காட்டுங்கள் பார்க்கலாம்.

வைகைக்காரன்:
இவர் தொப்பியைக் கழற்றவே மாட்டார். 1979க்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

வடசென்னைப் பையன்:
மதுரைப் படத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லை அண்ணே.

செங்கை மண்:
ஐயா, ஒரு ஊரின் பெயரோ ஒரு தெய்வத்தின் பெயரோ தேய்ந்து அப்படி ஆகியிருக்கலாம். மாரி என்றால் மழை, மாரி என்றால் அம்மன். என் சான்றிதழில் சின்ன ரி போட்டு 'மாரி' என்றுதான் இருக்கிறது.

திருவல்லிக்கேணிக்காரன்:
அங்கேதான் தவறு. அது எழுத்துப்பிழை. சரியான எழுத்து பெரிய றி. தொப்பி மாறி.

செங்கை மண்:
அப்படியானால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள் ஐயா. எழுத்துப்பிழை, தொப்பி என்று எழுதவேண்டியது என்று நீங்களே சொல்லித் திருத்தி வாங்கித் தாருங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் வாசலில் நிற்கிறேன்.

திருவல்லிக்கேணிக்காரன்:
நான் சான்றிதழைப் பற்றிப் பேசவே இல்லை அம்மா. தொப்பியைப் பற்றித்தான் பேசுகிறேன்.