கடன் அட்டையா, கணக்குக்கு நேரடிப் பணமா: இணையக் கடையில் எது பாதுகாப்பு?

கேள்வி – பட்டர்வொர்த் வாசகி

வணக்கம். தீபாவளிக்கு அம்மாவுக்காக 480 ரிங்கிட் விலையுள்ள பட்டுச் சேலை ஒன்றை இணையக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். கடன் அட்டையில் கட்டலாம் என்றும், தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பினால் 20 ரிங்கிட் குறைப்பதாகவும் கடைக்காரர் சொல்கிறார். அட்டை எண்ணைக் கொடுத்தால் திருடிவிடுவார்கள், கணக்குக்கு அனுப்புவதே பத்திரம் என்கிறார் அப்பா. தளத்தின் முகவரியில் பூட்டுச் சின்னம் இருப்பதால் நம்பலாமா?

மறுமொழி – ஜெலுத்தோங் வாசகர்

சகோதரி, அப்பாவின் அச்சம் நியாயமானதே. ஆனால் அவர் பத்திரம் என்று எண்ணும் வழியில்தான் ஆபத்து கூடுதல். நீங்களே அனுப்பும் பணம் நொடிகளில் போய்ச் சேரும், பெற்றவர் அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் மீட்பது மிகக் கடினம். அட்டையில் கட்டிய பொருள் வந்து சேராவிட்டால், காலக்கெடுவுக்குள் உங்கள் வங்கியிடம் முறையிடலாம். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி அத்தொகையைக் கடைக்காரரின் வங்கியிடமிருந்து திரும்பக் கோர வழியுண்டு. பூட்டுச் சின்னமோ, நீங்கள் அனுப்பும் விவரங்களை நடுவில் எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். போலிக் கடையும் அதை வைத்திருக்கலாம்.

மறுமொழி – பாயான் லெப்பாஸ் வாசகி

அட்டையிலும் கவனம் வேண்டும். பொட்டலம் வந்திருப்பதாகச் சொன்ன ஒரு குறுஞ்செய்தியை நம்பி, 1.50 ரிங்கிட் கட்டணம் என்று நினைத்து அட்டை விவரங்களைக் கொடுத்தேன். வங்கிச் செயலியில் ஒப்புதல் கேட்டபோது தொகையைப் படிக்காமலேயே அழுத்தினேன். போனது 1,900 ரிங்கிட். ஒப்புதல் என்னுடையது என்பதால் வங்கி பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் கடையின் பெயரையும் தொகையையும் நிதானமாகப் படித்த பிறகே அழுத்துங்கள். ஏமாந்தது தெரிந்த நொடியே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையோ அழையுங்கள். நான் மறுநாள்வரை வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருந்தேன், அதுவே பெரிய தவறு.

மறுமொழி – ஜெலுத்தோங் வாசகர்

இன்னொன்று: பற்று அட்டையைத் தவிர்த்துக் கடன் அட்டையையே பயன்படுத்துங்கள், ஏனெனில் பற்று அட்டையில் சேமிப்பிலிருந்தே பணம் உடனே கழிந்துவிடும். அந்தத் தனிநபரின் கணக்கு எண்ணைக் மோசடிப் புகாருக்கு உள்ளான கணக்குகளைக் காட்டும், காவல்துறையின் செமாக் மியூல் தளத்திலும் தேடிப் பாருங்கள். அங்கே பதிவு இல்லை என்பதாலேயே அவர் நல்லவர் என்று முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி கேட்ட வாசகி

இருவருக்கும் நன்றி. அட்டையில் கட்டுகிறேன் என்றதும், அந்த வழி இப்போது இயங்கவில்லை, இன்றைக்குள் கணக்குக்கு அனுப்புங்கள் என்று கடைக்காரர் நெருக்குகிறார். மறுத்துவிட்டேன். சனிக்கிழமை அம்மாவை ஜார்ஜ்டவுன் கடைத்தெருவான லெபு பாசாருக்கே அழைத்துச் செல்கிறோம்.