எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: பழைய ஆட்டங்களில் எதிர்ப்பட்டவை, அடுத்ததில் எதிர்பார்ப்பவை (அனுபவப் பகிர்வு)

சைரோடில்வாசி:

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் தொடரின் ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அடுத்த பாகம் வரும் என்று தயாரிப்பு நிறுவனமான பெதஸ்டா அறிவித்தது 2018 ஜூனில், 36 விநாடி டீசரோடு. மலை, கரை, தலைப்பு, அவ்வளவுதான். 2024 மார்ச்சில் தொடரின் 30-ஆம் ஆண்டையொட்டி, ஆரம்பநிலை பில்டுகளை (சோதனைப் பதிப்புகளை) உள்ளுக்குள் ஆடிப் பார்க்கிறோம் என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த ஆசைப் பட்டியல்கள் ஏராளம். பெரும்பாலானவை "மேப் பெரிசா இருக்கணும், கிராபிக்ஸ் நல்லா இருக்கணும்" என்பதோடு நின்றுவிடுகின்றன. இங்கே வேறு மாதிரி எழுதலாம். பழைய ஆட்டங்களில் எதிர்ப்படும் ஒரு சம்பவத்தை எடுங்கள். அது ஏன் அப்படி நடக்கிறது, அடுத்ததில் என்ன மாற வேண்டும் என்று சொல்லுங்கள்.

நான்காம் பாகமான ஒப்ளிவியனின் வழிப்பறிக்காரனில் இருந்து ஆரம்பிக்கிறேன். சாலையில் மறித்து, 100 பொன் கொடு இல்லையேல் உயிரைக் கொடு என்பான். ஆட்டத் தொடக்கத்தில் அவன் சாதாரணக் கவசத்தில் வருவான். உங்கள் லெவல் உயர்ந்தபின் அதே மாதிரி ஆள் கிளாஸ் கவசம் போட்டு வந்து அதே 100 பொன்னைக் கேட்பான். அவன் உடம்பில் இருப்பதை விற்றாலே கேட்டதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். எதிரிகளும் அவர்கள் உடைமைகளும் ஆட்டக்காரரின் லெவலோடு சேர்ந்து ஏறுவதால் வரும் கோளாறு இது.

இதைவிடக் கொடுமை லெவல் ஏறும் விதம். நாமே தேர்ந்தெடுக்கும் ஏழு மேஜர் (முக்கியத்) திறன்களில் மொத்தம் 10 உயர்வு வந்து, படுத்துத் தூங்கினால் ஒரு லெவல். ஆனால் வலிமை, அறிவு போன்ற ஒரு பண்புக்கு +5 வேண்டுமென்றால் அதைச் சார்ந்த திறன்களில் அந்த லெவலுக்குள் 10 உயர்வு வந்திருக்க வேண்டும். 5 முதல் 7 வரை வந்திருந்தால் +3தான். எண்டியூரன்ஸ் (தாக்குப்பிடிக்கும் பண்பு) என்பதற்கு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு லெவலிலும் அதன் பத்தில் ஒரு பங்குதான் ஹெல்த்தில் சேரும், விட்டுப்போன பழைய லெவல்களுக்குப் பின்னால் ஈடு கிடையாது. ஆக, இயல்பாக ஆடுபவர் பலவீனமாகிக்கொண்டே போவார், எதிரிகள் மட்டும் வலுப்பார்கள். கணக்கு நோட்டு வைத்து ஆடியவர்களுக்கே நிம்மதி.

2025 ஏப்ரல் 22-ல் வந்த ஒப்ளிவியன் ரீமாஸ்டர் (புதுப்பித்த பதிப்பு) இதைச் சரியாகப் பிடித்தது. லெவலுக்கு 12 புள்ளி, மூன்று பண்புகளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம், ஒன்றுக்கு அதிகபட்சம் 5. லக் மட்டும் விலை அதிகம், ஒரு புள்ளி உயர்த்த 4 கொடுக்க வேண்டும். மைனர் திறன்களும் லெவலுக்குக் கணக்கில் வரும். ஆறாம் பாகத்தில் பண்புகளைத் திரும்பக் கொண்டுவருவதானால் இந்த முறையையே கொண்டுவரட்டும். வழிப்பறிக்காரன் கடைசிவரை தோல் கவசத்திலேயே இருக்கட்டும். வலுத்த கைக்கு முன்னால் அவன் பயந்து ஓடினால் இன்னும் நல்லது.

நெருப்புக்கோளம்:

ஸ்கைரிமில் மந்திரவாதியாக ஆடுபவர் எல்லோரும் 30-ஆம் லெவல் வாக்கில் ஒரு ட்ராகர் டெத்லார்டு (உயிர்த்தெழுந்த பிணவீரன்) முன்னால் நின்று திணறுவார்கள். காரணம் ஒன்றே ஒன்று: டிஸ்ட்ரக்‌ஷன் (அழிவு மந்திரம்) திறன் ஏற ஏற ஸ்பெல்லின் மேஜிக்கா (மந்திர சக்தி) செலவுதான் குறையும், டேமேஜ் ஏறாது. ஃபயர்பால் 40 என்றால் திறன் 50-லும் 40, 100-லும் 40.

கணக்கைப் பாருங்கள். இன்சினரேட் ஸ்பெல்லின் டேமேஜ் 60. ஆக்மென்டட் ஃபிளேம்ஸ் பர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் கூடுதல் திறமை) இரண்டு படியும் எடுத்தால் 50 சதவீதம் கூடி 90. இரண்டு கையாலும் சேர்த்து வீசினால் 2.2 மடங்கு, அதாவது 198. அதற்கு மேஜிக்கா 2.8 மடங்கு போகும். வழக்கமான வளர்ச்சியில் கூரை இவ்வளவுதான். லெஜண்டரி கடினத்தில் உங்கள் டேமேஜ் கால் பங்காகிவிடும், எதிரியின் டேமேஜ் மூன்று மடங்காகும். 90 அங்கே 22.5.

வாள்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. திறன் ஏறினால் டேமேஜ் கூடும், ஆர்ம்ஸ்மேன் பர்க் ஐந்து படியும் எடுத்தால் இரண்டு மடங்கு, பட்டறையில் தீட்டினால் இன்னும் கூடும், எதிரியின் லெவலோடு அவரும் ஓடுவார். பதுங்கிக் குத்துபவருக்கோ கத்தி 15 மடங்கு. டார்க் பிரதர்ஹுட் கையுறை போட்டால் 30. கடைசியில் எல்லோரும் வில்லைத் தூக்கிக்கொண்டு இருட்டில் பதுங்குவது இதனால்தான். மந்திரம் பிடிக்காமல் போகவில்லை, மந்திரத்தின் கணக்கு கைவிட்டுவிட்டது.

மந்திரவாதிகள் தப்பிக்கும் வழி ஒன்று உண்டு. என்சான்டிங் (பொருளில் மந்திரம் ஏற்றும் திறன்) 100, அதற்குரிய பர்க்குகள், கிராண்ட் சோல் (மந்திரம் ஏற்றப் பயன்படும் பெரிய ஆன்மா). தலை, மார்பு, மோதிரம், கழுத்தணி நான்கிலும் ஃபார்ட்டிஃபை டிஸ்ட்ரக்‌ஷன் (டிஸ்ட்ரக்ஷன் ஸ்பெல் செலவைக் குறைப்பது) 25 சதவீதம் ஏற்றினால் செலவு பூஜ்யம். பிறகு இம்பாக்ட் பர்க்கோடு இரண்டு கையாலும் வீசிக்கொண்டே இருந்தால் எதிரி தடுமாறி நிற்பான், அடிக்கவே முடியாது. ஜெயிக்கலாம். ஆனால் அதில் சண்டையே இல்லை, பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கும் வேலை.

ஆறாம் பாகத்தில் கேட்பது எளிது. திறனுக்கேற்ப ஸ்பெல் டேமேஜ் ஏறட்டும், செலவு ஒருபோதும் பூஜ்யமாகாதபடி ஒரு தடுப்பு இருக்கட்டும்.

வார்டன்ஃபெல்:

நெருப்புக்கோளம் சொன்னதோடு ஸ்பெல் தயாரிப்பையும் சேர்க்க வேண்டும். மூன்றாம் பாகமான மாரோவிண்டிலும் ஒப்ளிவியனிலும் இருந்தது, ஸ்கைரிமில் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதும் புரிகிறது. ஒப்ளிவியனில் வீக்னெஸ் டு மேஜிக் 100 சதவீதமும் வீக்னெஸ் டு ஃபயர் 100 சதவீதமும் (மந்திரத்துக்கும் நெருப்புக்கும் எதிரியைப் பலவீனமாக்குபவை) சேர்த்து இரண்டு ஸ்பெல் செய்து, வேறு வேறு பெயர் வைத்து மாற்றி மாற்றி எறிந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரே ஸ்பெல்லைத் திரும்ப எறிந்தால் பழையதன் இடத்தில் புதியது உட்காரும், ஏறாது. அதனால்தான் இரண்டு வேண்டும். நாலைந்து சுற்றில் எதுவும் நிற்காது. அதேபோல் ஐந்து உருப்படியில் 20 சதவீத கமீலியன் (உருவத்தை மறைக்கும் மந்திரம்) ஏற்றி 100 ஆக்கினால் ஆட்டத்தில் யாருக்குமே உங்களைத் தெரியாது.

ஆனால் ஓட்டையை அடைக்கப் பட்டறையையே மூட வேண்டியதில்லை. வீக்னெஸ் அடுக்கலுக்கு ஒரு வரம்பு, கமீலியனுக்கு 80 என்று ஒரு வரம்பு வைத்திருந்தால் போதும்.

மாரோவிண்ட் தாராளமாக இருந்ததற்கு ஒரு காட்சி. செய்டா நீன் ஊரைத் தாண்டிச் சாலையில் நடந்தால் மேலிருந்து ஓர் அலறல் கேட்கும். டார்ஹியல் என்ற உட் எல்ஃப் மந்திரவாதி வானத்திலிருந்து விழுந்து கண்முன்னே சாவான். அவனிடம் மூன்று சுருள்கள் இருக்கும். படித்தால் அக்ரோபாட்டிக்ஸ் (குதிக்கும் திறன்) 1000 புள்ளி கூடும், ஏழு விநாடிக்கு மட்டும். குதித்தால் தீவின் பாதியைத் தாண்டலாம். ஆனால் இறங்குவதற்குள் ஏழு விநாடி முடிந்துவிடும், அவனுக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். விழும்போது தரையை நெருங்கியதும் இரண்டாவது சுருளைப் படிக்க வேண்டும். அந்தத் திறனே விழும் அடியையும் குறைக்கும். ஆக, மூன்று சுருள் என்றால் ஒரு பயணமும் ஒரு மிச்சமும். இதை ஆட்டம் எங்கேயும் விளக்காது. செத்தவனைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஆறாம் பாகத்தில் நான் முதலில் தேடப்போவது இந்தத் துணிச்சலைத்தான்.

லெவிடேஷன் (பறக்கும் மந்திரம்) ஒப்ளிவியனில் போனதற்குக் காரணம் நகரங்கள். மதிலுக்குள் இருக்கும் ஊர் தனி உலகமாக லோடு ஆகும், மேலே பறந்து வந்தால் உள்ளே ஊரே இருக்காது. ஆறாம் பாகத்தில் நகரங்கள் திறந்தவெளியிலேயே இருந்தால் பறப்பதும் திரும்ப வரலாம்.

உப்புமூட்டை:

ஓட்டை என்றதும் ஸ்கைரிமின் ரெஸ்டோரேஷன் (குணப்படுத்தும் மந்திரம்) சுழற்சியை விட்டுவிட்டீர்களே. அபிசியன் லாங்ஃபின் மீனும் உப்பும் சேர்த்தால் ஃபார்ட்டிஃபை ரெஸ்டோரேஷன் மருந்து. ஆல்கெமி (மருந்து தயாரிக்கும் திறன்) கூட்டும் உடைகளைப் போட்டுக்கொண்டு அதைத் தயாரித்துக் குடியுங்கள். உடைகளைக் கழற்றி மறுபடி போடுங்கள், அவற்றின் எண் கூடியிருக்கும். மருந்தின் நேரம் முடிவதற்குள் அதைவிடப் பெரிய மருந்து தயாரியுங்கள். அளவு மீறினால் எண் எதிர்மறைக்குப் புரண்டுவிடும் அல்லது ஆட்டம் நின்றுபோகும், அதனால் முன்னாடியே சேவ் செய்துகொள்ளுங்கள். உடையில் ஏற்றிய ஆல்கெமி என்சான்ட்மென்ட், உள்ளே ரெஸ்டோரேஷன் வகை மந்திரமாகப் பதிவாகியிருப்பதே காரணம். ரசிகர்கள் செய்த அன்அஃபிஷியல் பேட்ச் இதை அடைத்துவிடும்.

வார்டன்ஃபெல்:

வழி சொல்லும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாரோவிண்டில் பால்மோரா ஃபைட்டர்ஸ் கில்டில் ஹஸ்பாட் அன்டபோலிஸ் ஒரு ட்வெமர் (மறைந்துபோன பழைய இனம்) புதிர்ப்பெட்டி கேட்பான். போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ஊருக்குத் தெற்கே போ, ஃபோர்ட் மூன்மாத் தாண்டு, ஃபொயாடா மமேயா பள்ளத்தின் மேல் இருக்கும் பழைய ட்வெமர் பாலத்தைக் கட என்று வாயால் சொல்வார்கள். பெட்டி இருக்கும் ஆர்க்ங்தாண்டு இடிபாட்டின் வாசலுக்குப் போனால் கதவு திறக்காது. எதிரே குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருக வேண்டும். உள்ளே பெட்டி சின்னது, அலமாரியில் மற்ற சாமான்களோடு கிடக்கும், அவசரப்பட்டால் கண்ணில் படாது.

ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடலாம் என்பார்கள். முடியாது. குறிப்பேட்டில் "இன்னார்க்கு இன்ன பொருளைக் கொண்டுவா" என்று மட்டும் இருக்கும். எந்தத் திசை, எந்த ஆறு, எந்தப் பாறை என்ற ஒரு சொல்லும் பெரும்பாலான குவெஸ்டுகளில் (ஆட்டம் தரும் பணிகளில்) இல்லை. அம்புக்குறி வேண்டுபவருக்கு அது இருக்கட்டும். ஆனால் எழுதும்போதே வழியையும் எழுதினால்தான் அணைக்கும் வசதிக்கு அர்த்தம் உண்டு.

பாலைவாள்:

ஆறாம் பாகத்தின் களம் எது என்று பெதஸ்டா சொல்லவில்லை. டீசரின் நிலத்தைப் பார்த்து ஹேமர்ஃபெல் என்றும் ஹை ராக் என்றும் ரசிகர்கள் கணிக்கிறார்கள். ரெட்கார்டு இனத்தின் நாடான ஹேமர்ஃபெல் என்றால் என் பயம் கதையில்தான்.

ஸ்கைரிமில் வைட்ரன் நகரின் சாடியா குவெஸ்டை எடுங்கள். ஹேமர்ஃபெல்லின் அலிக்கிர் வீரர்கள் ஒரு ரெட்கார்டு பெண்ணைத் தேடுவார்கள். பேனர்டு மேர் விடுதியில் வேலை பார்க்கும் சாடியாதான் அவள். எல்ஃப்களின் அரசான ஆல்ட்மெரி டொமினியனை எதிர்த்துப் பேசியதால் தன்னை வேட்டையாடுகிறார்கள் என்பாள் அவள். ஸ்விண்ட்லர்ஸ் டென் குகையில் இருக்கும் அந்த வீரர்களின் தலைவன் கெமாட்டுவோ, ஹேமர்ஃபெல்லின் டனெத் நகரத்தையே டொமினியனுக்கு விற்றவள் அவள் என்பான். யார் சொல்வது உண்மை என்பதற்குக் கடைசிவரை ஆதாரம் கிடைக்காது. நல்ல எழுத்து. ஆனால் யார் பக்கம் நின்றாலும் பொன் கிடைக்கும், பிறகு உலகத்தில் ஒரு இலையும் அசையாது.

ஹேமர்ஃபெல்லின் வரலாறு இதைவிடக் கனமானது. 4ஆம் யுகம் 175-ல் டொமினியனோடு செய்த வைட்-கோல்டு உடன்படிக்கையில் பேரரசு தெற்கு ஹேமர்ஃபெல்லைத் தாரை வார்த்தது. ரெட்கார்டுகள் ஒப்பவில்லை. பேரரசு கைவிட்ட பிறகும் தனியாகப் போரிட்டு, 180-ல் டொமினியனைப் பின்வாங்க வைத்தார்கள். உள்ளே கிரவுன்ஸ், ஃபோர்பேர்ஸ் என்ற இரு அணிகளின் பழைய பகையும் உண்டு. இந்த மண்ணில் நடக்கும் கதையில் ஒரு ஊரை யாருக்கு விட்டுக்கொடுத்தோம் என்பது அடுத்த ஊரின் வாசலில் தெரிய வேண்டும். வாசல் காவலன் பேச்சு மாற வேண்டும், கடையில் விலை மாற வேண்டும், சிலர் கதவே திறக்கக் கூடாது.

சைரோடில்வாசி:

பாலைவாள் சொன்னதற்கு மேப் பற்றியும் ஒன்று. பெதஸ்டாவின் விண்வெளி ஆட்டமான ஸ்டார்ஃபீல்டில் 1000-க்கும் மேற்பட்ட கோள்கள். கைவிடப்பட்ட கிரையோ லேபை ஒரு கோளில் பார்த்தபின் இன்னொரு கோளில் இறங்கினால் அதே லேப், அதே அறையில் அதே பிணம், பக்கத்தில் அதே குறிப்பு. கட்டடம் முழுவதையும் ஒரே அச்சாகச் செய்து தூவியதன் விளைவு. 1996-ல் இரண்டாம் பாகமான டாகர்ஃபால், ஹேமர்ஃபெல்லையும் ஹை ராக்கையும் ஒட்டிய இலியாக் விரிகுடாப் பகுதியைப் பிரம்மாண்டமாகத் தானியங்கி முறையில் செய்தது, அங்கேயும் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பாலைவனம் காலியாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு கிணறும் ஒருவர் கையால் வைத்ததாக இருக்கட்டும்.

மோட்பட்டறை:

எல்லோரும் கதையும் கணக்கும் கேட்கிறீர்கள். அடித்தளமும் சரியாக இருந்தால்தான் ஆட்டம் பத்து வருடம் நிற்கும்.

ஒன்று, பிரேம் ரேட். ஸ்கைரிமில் பிசிக்ஸ் (பொருட்கள் விழுவது, மோதுவது) 60 எஃப்.பி.எஸ்-க்கு, அதாவது விநாடிக்கு 60 பிரேமுக்குக் கட்டிவைக்கப்பட்டது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விசிங்க் (பிரேம் வேகத்தை மானிட்டரோடு பொருத்தும் அமைப்பு) இல்லாமல் ஓட்டினால் தொடக்கக் காட்சியில் குதிரைவண்டி ஆடிக் கவிழும், மேஜைச் சாமான்கள் அறை முழுக்கச் சிதறும். ஐ.என்.ஐ (அமைப்புக்) கோப்பின் ஹேவோக் (பிசிக்ஸ்) பகுதியில் உச்ச நேர மதிப்பு 0.0166 என்று இருக்கும், அது 60-க்கு உரியது. 144-க்கு 1-ஐ 144-ஆல் வகுத்து 0.0069 கொடுக்க வேண்டும். பிரேம் ஏறி இறங்கினால் அதுவும் பொருந்தாது. அப்போது மதிப்பைத் தானாக மாற்றும் எஸ்.எஸ்.இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ் என்ற மோட் (ரசிகர்கள் ஆட்டத்தில் செய்யும் மாற்றம்) போடுவதே சரி.

இரண்டு, பிளகின் (மோட் கோப்பு) எண்ணிக்கை. முழு பிளகின் 254-க்கு மேல் ஏறாது. லைட் வகை 4096 வரை போகும். சின்ன மோட்களை லைட் ஆக மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவில் மாற்றாதீர்கள், பொருட்களின் ஐ.டி மாறி அவை காணாமல் போகும். அதேபோல் ஸ்கிரிப்ட் உள்ள மோடை நடுவில் நீக்கினால் அதன் மிச்சம் சேவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நீக்கியே ஆக வேண்டுமானால் அந்த மோடுக்கு முந்தைய சேவுக்குத் திரும்பிப் போங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 2021 நவம்பரில் 1.5.97-லிருந்து 1.6-க்கு அப்டேட் வந்தபோது ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை (மோட்களுக்குக் கூடுதல் வசதி தரும் ரசிகர் கருவியை) நம்பிய மோட்கள் கூட்டமாக விழுந்தன. அவை ஆட்டத்தின் நினைவக முகவரிகளைப் பிடித்து வேலை செய்பவை. கம்பைலர் மாறியதால் முகவரியோடு உள்ளமைப்பும் மாறிப்போனது. வழிமுறை இன்றைக்கும் இதுவே: ஸ்டீமில் தானியங்கி அப்டேட்டை "ஆட்டத்தைத் திறக்கும்போது மட்டும்" என்று வைத்து, எக்ஸ்டெண்டரின் லோடர் வழியாக மட்டும் திறக்க வேண்டும். ஆறாம் பாகத்தில் எக்ஸ்டெண்டர் செய்யும் வேலைகளில் பாதியையாவது பெதஸ்டாவே ஆட்டத்துக்குள் நிலையான வழியாகத் திறந்துவிட வேண்டும். அப்டேட் வந்தாலும் அந்த வழி மாறக் கூடாது.

நெருப்புக்கோளம்:

மோட்பட்டறை ப்ரோ, கிரியேஷன் கிட் (மோட் செய்ய பெதஸ்டா தரும் கருவி) வரும் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ஃபீல்டு 2023 செப்டம்பரில் வந்தது, கிட் 2024 ஜூனில்தான் வந்தது. ஒன்பது மாதம். ஸ்கைரிமுக்கு மூன்றே மாதத்தில் கொடுத்தார்கள்.

மோட்பட்டறை:

ஆமாம், அந்த மூன்று மாதமே இந்தத் தடவையும் வேண்டும். ஆட்டம் சூடாக இருக்கும்போது கிட் கையில் கிடைத்தால்தான் புதிதாக மோட் செய்ய வருபவர்கள் கற்றுக்கொண்டு தங்குவார்கள்.